நாலாம் நம்பர் மெஷின்

உக்காருங்க்கா, இந்தச் சேர்ல ஆருமில்லை. பை என்னுதுதான், மடியில வெச்சுக்கறேன். உங்க தம்பிக்குச் சொட்டு மருந்து விட்டுட்டாங்களா? அப்ப முக்கா மணி நேரம் ஆகுமுங்க. மூணு தடவை விடுவாங்க. கண்ணு பாப்பா நல்லா விரிஞ்சாத்தான் டாக்டர் உள்ள பாக்க முடியும். அதுவரைக்கும் அவங்க கண்ணை மூடிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், நாம சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்.

எங்கூட்டுக்காரரு அந்தா, தூணுக்கு அக்கட்டால, நீலச் சட்டை. நாச்சிமுத்துன்னு பேரு. தனியா உக்காந்துக்கறேன்னாரு. சரின்னு விட்டுட்டேன்.

இதுங்களா? போன்ல கேம் ஆடலீங்க்கா. கட்டம் கட்டமாக் கலர் போட்டு இருக்குதுல்ல, பாக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. இது எங்க கம்பெனி மெஷினுங்க. எட்டுக் கட்டம், எட்டு மெஷின். பச்சையா இருந்தா வேலை ஓடுது. மஞ்சள்னா கரண்ட் இருக்குது, வேலை நடக்கலை. செவப்புன்னா ஆஃப். இங்க உக்காந்துட்டே, கணபதி ஏரியாவுல இருக்கற எங்க கம்பெனியில எந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு நான் பாத்துக்குவேன். இப்பப் பாருங்க, ஏழாம் நம்பர் மஞ்சள். டிரில்லிங் மெஷின். பன்னெண்டு நிமிசமா நிக்குது. பிட்டு ஒடைஞ்சிருக்கும்.

இதைப் பண்ணினது நாந்தானுங்க.

நெசமாத்தான். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிச்சவ. ஃபர்ஸ்ட் கிளாஸ். படிச்சு முடிச்ச வருசமே கண்ணாலம் ஆயிருச்சு, அதோட அந்தப் படிப்பு பொட்டிக்குள்ள போயிருச்சு. எங்க கம்பெனியில பம்புக்குள்ள சுத்தற சாஃப்ட், அதுக்கு மாட்டற புஷ் எல்லாம் கடைஞ்சு குடுப்பாங்க. அவரு அங்க சி.என்.சி. லேத் ஓட்டறாரு. ஓட்டினாரு. இருபது வருசம். நான் அதே கம்பெனியில பதினோரு வருசமா இன்ஸ்பெக்ஷன். அவங்க கடைஞ்சு போடறதை மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து, சரியா இருந்தாப் பச்சை டேக் கட்டுவேன், தப்பா இருந்தாச் செவப்பு டேக். ஆளு பாத்து அளக்க மாட்டேன். அது எல்லாருக்கும் தெரியும்.

ஒருக்கா இவரு கடைஞ்ச புஷ்ஷே நாப்பது, மொத்தமாத் தள்ளிப்போட்டேன். ஒரு தலைமுடியில கால்வாசி கூட இருந்துச்சு, அவ்வளவுதான். அன்னைக்குச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் போசியைத் தொறந்துட்டு உக்காந்திருக்காங்க. நான் டிரேயைக் கொண்டாந்து அவரு முன்னால வெச்சு, "ஏனுங்க, இதை அளந்துதான் போட்டீங்களா, கண்ணை மூடிட்டுப் போட்டீங்களா"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு. வூட்டுக்காரருன்னு விட்டனா பாருங்க. அப்படித்தான் இருக்கோணும். அன்னைக்கு இவரு சாப்பிடலை, வயிறு சரியில்லைன்னாரு.

சரி, மெஷினைக் கவனிக்கற இந்தப் பொட்டி வந்த கதையைச் சொல்றேன். எங்க ஓனர் ராஜ்மோகன் சாருக்கு ஒரே கொறை. மெஷின் எல்லாம் ஓடுற மாதிரிதான் இருக்குது, சாயங்காலம் எண்ணினா உருப்படி கம்மியா இருக்குது, எங்க போகுது நேரம்? ஒரு கம்பெனிக்காரங்க லேப்டாப்போட வந்து, எல்லா மெஷினுக்கும் கண்காணிப்பு வெச்சுத் தர்றோம்னு ஒரு விலை சொன்னாங்க. சார் அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிப்போட்டாரு. நான் அப்ப டேக் எழுத உள்ள போனேன். "சார், இதை நான் பண்ணித் தர்றேன், ஒரு மெஷினுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும்"னு சொன்னேன். அவரு என்னை நிமிந்து பாத்தாரு. பதினோரு வருசத்துல என்னை அப்படிப் பாத்ததில்லை.

காந்திபுரத்துல எலெக்ட்ரானிக் சாமான் கடை இருக்குதுல்ல, காலேஜ் பசங்க புராஜெக்டுக்கு வாங்குவாங்க, அங்கதான் வாங்கினேன். தீப்பெட்டி அளவுல ஒரு வைஃபை போர்டு. அப்புறம் கிளிப் மாதிரி ஒரு கவ்வி. அதை மோட்டார் வயர் மேல மாட்டிட்டா, வயரை வெட்டாமயே உள்ள எவ்வளவு கரண்ட் போகுதுன்னு சொல்லிரும். மொத நாள் மூணு வயரையும் சேத்துக் கவ்வ விட்டுப்போட்டேன். மெஷின் ஓடுது, இது சைபர் காட்டுது. ஒரு நாள் முழுக்க மண்டையை ஒடைச்சேன். மூணையும் சேத்துப் புடிச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டு சைபர்தான் வரும், ஒரே வயரைப் புடிக்கோணும். படிச்சதுதான், மறந்து போச்சு.

மொதல்ல வெச்சது இவரு மெஷின்லதான். நாலாம் நம்பர். மத்தவங்க மெஷின்ல வெச்சா எங்களை நோட்டம் பாக்கறயான்னு சண்டைக்கு வருவாங்க. இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஊறுகா டப்பாவுல ஓட்டை போட்டு போர்டை உள்ள வெச்சது கூட இவருதான். டிரில்லை டப்பாவுக்கு ஒரு இஞ்சு தள்ளி வெச்சுட்டு, "இங்கயா, இங்கயா"ன்னு விரல்ல தடவிக் கேட்டாரு. நான் மார்க் பண்ணித்தான் குடுத்திருந்தேன். அதுதான் தெரியுதேன்னு சொன்னேன். பிப்ரவரி பத்தொன்பது. தேதி எதுக்கு ஞாபகம்னா, அன்னையில இருந்துதான் கணக்கு ஏறுது.

சும்மா சுத்தினா ரெண்டு ஆம்பியர், கடைஞ்சா ஆறு. நாலுக்கு மேல போனாப் பச்சைன்னு எழுதி வெச்சேன். ரெண்டு நிமிசத்துக்கு மேல கீழயே இருந்தா மஞ்சள். மார்ச்சுக்குள்ள எட்டு மெஷினுக்கும் வெச்சாச்சு. சார் சுவத்துல ஒரு டிவி மாட்டினாரு, எட்டுக் கட்டமும் அதுல தெரியும். ஆளுங்க முணுமுணுத்தாங்க. "கலாமணியக்கா கண்ணு வெச்சிருச்சு"ன்னாங்க. நான் சொன்னேன், நான் மெஷினைத்தான் பாக்கறேன், ஆளைப் பாக்கலைன்னு. அது உண்மைதானுங்க. எனக்கு ஆளுங்ககிட்ட ஒரு விரோதமும் இல்லை.

நல்லதும் நடந்துச்சுங்க. கம்ப்ரஸர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலயும் அடங்காம ஓடிட்டு இருந்துச்சு, எங்கயோ காத்து லீக் ஆகுதுன்னு இதுதான் காட்டிக் குடுத்துச்சு. ஏழாம் நம்பர் தினமும் கொஞ்சங் கொஞ்சமா அதிகக் கரண்ட் இழுத்துது. பிரிச்சுப் பாத்தா பேரிங் போற நிலைமையில இருந்துச்சு. மெஷின் தனக்கு நோவுன்னு வாயைத் தொறந்து சொல்லாது பாருங்க. நாமதான் பாத்துத் தெரிஞ்சுக்கோணும். சார் எல்லாரு முன்னாடியும் என்னைப் பாராட்டினாரு.

அப்புறந்தான் நாலாம் நம்பர்.

ரெண்டாம் நம்பர்லயும் நாலாம் நம்பர்லயும் ஒரே வேலைதான் நடக்குது, ஒரே சாஃப்ட். பத்துப் பீஸ் கடைஞ்சா ஒரு பீஸை எடுத்து அளந்து பாக்கோணும். டூல் தேயத் தேய அளவு கூடிட்டே போகும், அதைப் பாத்துச் சரி பண்ணோணும். அதுக்காக மெஷினை நிறுத்துவாங்க. ரெண்டாம் நம்பர்ல ஒன்றரை நிமிசம் நிக்கும், திரும்ப ஓடும். மஞ்சளே வராது. நாலாம் நம்பர் நாலு நிமிசம் நின்னுச்சு. ஏப்ரல்ல எட்டு நிமிசம். மே முடியறப்பக் கால் மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை.

வூட்டுல கேட்டேன். சோறு போட்டுட்டேதான் கேட்டேன், சண்டையாக் கேக்கலை.

"ஏனுங்க, நாலாம் நம்பர் ஏன் அப்படி நிக்குது?"

"டூல் மாத்தினேன்."

"ஒரு நாளைக்கு ஏழு தடவையா?"

"மட்ட டூலு."

அவ்வளவுதான் சொன்னாரு. நான் மறுநாள் ஸ்டோர்ல நோட்டை எடுத்துப் பாத்தேன். வாரத்துக்கு எத்தனை டூல் வாங்கறாரோ அதேதான் வாங்கியிருக்காரு. பொய் சொல்றாருன்னு தெரிஞ்சு போச்சு. எதுக்குப் பொய்யின்னு தெரியலை. ஒரு நாள் என் ரூம் ஜன்னல் வழியாப் பாக்கறேன், கையில வேஸ்ட் துணியில என்னத்தையோ சுத்திட்டுப் பின்னால கிரைண்டிங் ஷெட்டுப் பக்கம் போறாரு. அங்க அமான் பாய் மட்டுந்தான் இருப்பாரு. ரெண்டு பேரும் சேந்து பீடி குடிக்கறாங்கன்னு நெனச்சேன். சக்கரை இருக்கற மனுசன், பீடி வேற. இன்னொண்ணும் நெனச்சேன். போன் பேசப் போறாரோன்னு. ஆருகிட்டன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. பொம்பளைங்க மனசு எங்க போகும்னு உங்களுக்குத் தெரியாததா.

வூட்டுல வித்தியாசமா ஒண்ணும் இல்லீங்க. பேப்பரை நிறுத்திப்போட்டாரு, எல்லாம் பொய்யி, எதுக்குப் படிக்கோணும்னாரு. நெசந்தானுங்களே. வண்டியில போறதையும் நிறுத்திப்போட்டாரு, முதுகு வலிக்குது, பஸ்ல போலாம்னாரு. நாப்பத்தெட்டு வயசுல முதுகு வலிக்காதா. முகச் சவரம் ஒரு பக்கம் விட்டுப் போயிருக்கும், நான் சொன்னா மறுபடி போயிப் பண்ணிட்டு வருவாரு. அவசரத்துல பண்றாருன்னு நெனச்சேன். இதையெல்லாம் ஒரு கட்டத்துல போட்டுக் காட்டினா எனக்குப் புரிஞ்சிருக்குமோ என்னமோ.

வாரா வாரம் சனிக்கிழமை சாருக்கு ரிப்போர்ட் தானாப் போயிரும். அதுவும் நான் எழுதி வெச்சதுதான். ஜூன் மொத வாரம் சார் கூப்புட்டாரு.

"கலாமணி, நாலாம் நம்பர் என்ன, பாதி நேரம் மஞ்சள் காட்டுது? உன் கவ்வி தப்பாக் காட்டுதா?"

கவ்வி சரியாத்தான் இருந்துச்சு. நான் மூணு தடவை சோதிச்சுட்டேன். நான் சார் ரூமை விட்டு வெளிய வந்ததும் எலக்ட்ரீசியன் லோகு சொன்னான், "அக்கா, ரெண்டு நிமிசம்ங்கறதை இருபதுன்னு மாத்திவிடுங்க. நாலாம் நம்பருக்கு மட்டும். ஆருக்கும் தெரியாது." ஒரு எண்ணை மாத்தோணும், அவ்வளவுதான். நான் மாத்தலை. அப்படி மாத்தினா அப்புறம் அதுக்குப் பேரு அளவா?

திரும்ப உள்ள போயி, "கவ்வி சரியா இருக்குது சார்"னு சொன்னேன்.

சார் இவரைக் கூப்புட்டாரு. திட்டலை. டிவிக்கு முன்னாடி நிக்க வெச்சு, கட்டத்தைக் காட்டி, "நாச்சிமுத்து, இருபது வருசமா ஓட்டறே, உனக்கு நான் சொல்லோணுமா? இது பச்சையா இருக்கோணும்"னாரு.

இவரு டிவிப் பக்கம் மூஞ்சியை வெச்சுட்டு நின்னாரு. "சரிங்க சார்"னாரு.

மறுநாள்ல இருந்து நாலாம் நம்பர் பச்சைங்க. காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் வரைக்கும். டீ டைமு, சாப்பாட்டு டைமு, அப்ப மட்டுந்தான் நிக்கும். ரெண்டாம் நம்பரை விட நல்லா ஓடுச்சு. எனக்குச் சந்தோசம்னு சொல்ல மாட்டேன். சரியாயிருச்சுன்னு நெனச்சேன். பீடியை விட்டுட்டாருன்னு நெனச்சேன்.

மூணு வாரம் அப்படி ஓடுச்சு. அப்புறம் அமான் பாய் கொழுந்தியா கண்ணாலம்னு பாலக்காடு போயிட்டாரு, மூணு நாள். அந்த மூணு நாள்ல இவரு கடைஞ்ச சாஃப்ட் மொத்தமும் என் மேசைக்கு வருது. முந்நூத்திப் பன்னெண்டு. மொத பீஸை அளக்கறேன், கூட இருக்குது. அடுத்தது, இன்னும் கொஞ்சம் கூட. ஒரு பீஸுக்கு ஒரு பீஸ் ஏறிட்டே போகுது. டூல் தேஞ்சிருக்குது, மனுசன் ஒரு தடவை கூட அளந்து சரி பண்ணலை. மத்தியானம் வரைக்கும் அளந்தேன். முந்நூத்திப் பன்னெண்டுல இருபத்தி மூணுதான் தேறுச்சு. மிச்சத்துக்குச் செவப்பு டேக் கட்டினேன். ஒவ்வொண்ணுக்கும் இன்ஸ்பெக்டர்னு என் பேரு, ஆபரேட்டர்னு அவரு பேரு எழுதோணும். எழுதினேன். வேலை தானே.

சார் வந்தாரு. இவரையும் வரச் சொன்னாரு. என் ரூம்ல, என் மேசையிலதான்.

"நாச்சிமுத்து, நீ அளந்துதானே போட்டே?"

"ஆமாங்க சார்."

"இதை அளந்து காட்டு."

ஒரு சாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் கையில குடுத்தாரு. இவரு வாங்கினாரு. சாஃப்டைத் தொடைச்சாரு. மைக்ரோமீட்டரை வெச்சுத் திருகினாரு, க்ளிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும், அளவா, அழகா. இருபது வருசக் கை. அப்புறம் கண்ணுக்கிட்டக் கொண்டு போனாரு. ஜன்னல் பக்கம் திரும்பினாரு. திரும்பவும் இந்தப் பக்கம் திரும்பினாரு.

"இருபத்தி நாலு புள்ளி தொண்ணூத்தெட்டு"ன்னாரு.

அது டிராயிங்ல இருக்கற அளவு. அவரு கையில இருந்த பீஸ் இருபத்தஞ்சைத் தாண்டியிருந்துச்சு. எனக்குத் தெரியும், நாந்தான அதுல டேக் கட்டினேன்.

சார் அதை வாங்கிப் பாத்தாரு. இன்னொரு பீஸைக் குடுத்தாரு. "இது?"

"இருபத்தி நாலு புள்ளி தொண்ணூத்தெட்டு."

மூணாவது குடுத்தாரு. இவரு அதைத் திருகாமயே அதே நம்பரைச் சொன்னாரு. சார் என்னைப் பாத்தாரு. நான் மேசையைப் பாத்தேன்.

அமான் பாய் அன்னைக்குக் காலையிலதான் ஊர்ல இருந்து வந்திருந்தாரு. எப்படிக் கேள்விப்பட்டாரோ, கையெல்லாம் கிரைண்டிங் தூளோட வாசல்ல வந்து நின்னாரு. "சார், அவரை விட்டுருங்க. அவருக்குக் கண்ணு தெரியலை"ன்னாரு.

"என்ன பாய் சொல்றே?"

"நாலு மாசமா நாந்தான் சார் படிச்சுச் சொல்றேன். பீஸை எங்கிட்டக் கொண்டு வருவாரு, நான் அளவைப் பாத்துச் சொல்லுவேன், போயி மெஷின்ல சரி பண்ணிக்குவாரு. மெஷின்ல இருக்கற பட்டன் எல்லாம் அவரு விரலுக்கே தெரியும், அதுக்குக் கண்ணு வேண்டாம். நிக்கக்கூடாது, பச்சையாவே இருக்கோணும்னு சொன்னப்புறம் டீ டைம்ல மட்டும் வந்தாரு. இந்த மூணு நாள் நான் இல்லை."

இவரு அமான் பாயைப் பாத்து, "போங்க பாய், போயி வேலையைப் பாருங்க"ன்னாரு. கோவமா இல்லை, சும்மா சொல்ற மாதிரி.

நான் டேக் கட்டற நூலைக் கையில வெச்சுட்டு நின்னேன். எங்க ரூமுக்கும் நாலாம் நம்பருக்கும் பத்தடி இருக்குமுங்க்கா. கிரைண்டிங் ஷெட்டுக்குப் போகோணும்னா ரூமைத் தாண்டி, பாத்ரூமைத் தாண்டி, சந்துல இறங்கிப் போகோணும். மழை பேஞ்சா நனைஞ்சுட்டுப் போகோணும். நான் மைக்ரோமீட்டரும் கையுமா இங்க உக்காந்திருக்கேன். அளக்கறதுதான் என் வேலை. எங்கிட்ட ஏன் கொண்டு வரலைன்னு எனக்கு இன்னும் புரியலைங்க.

அன்னைக்குப் பஸ்ல வந்தோம், வூட்டுக்கு வந்தோம், தோசை சுட்டேன், சாப்பிட்டாரு. நானும் சாப்பிட்டேன். அழுவாச்சி வரும்னு நெனச்சேன், வரலை. அன்னையில இருந்து எனக்கு எதுவும் வர்றதில்லை. துணி தொவைக்கறேன், வேலைக்குப் போறேன். பொண்ணு திருச்சியில படிக்கறா, போன்ல அவதான் அழுதா. நான் "ஆமா, ஆமா"ன்னு கேட்டுட்டு இருந்தேன்.

சார்தான் லீவு குடுத்து இங்க அனுப்பினாரு. மொத நாள் டாக்டரம்மா உள்ள லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, சக்கரையினால கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சிருக்குதுன்னாங்க. எப்பயிருந்து மங்கலாத் தெரியுதுன்னு கேட்டாங்க. இவரு, "கொஞ்ச நாளா"ன்னாரு. கொஞ்ச நாள்னா எவ்வளவுன்னாங்க. "தெரியலீங்க"ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "நீங்க கூடவே இருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியலையாம்மா?"ன்னாங்க.

நான் போனை எடுத்துக் காட்டினேன். நாலாம் நம்பரோட பழைய கணக்கு எல்லாம் இதுல இருக்குதுங்க, ஒரு நிமிசம் விடாம இருக்குது. பிப்ரவரி மூணாவது வாரமே அளக்கறதுக்கு நாலு நிமிசம், ஏப்ரல் ரெண்டாவது வாரம் எட்டு, ஏப்ரல் இருபத்தஞ்சாந் தேதி ஒரே நாள்ல திடுக்குனு பன்னெண்டாப் போயிருக்குது, மே கடைசியில பதினஞ்சு. டாக்டரம்மா சேரை இழுத்துப் போட்டு உக்காந்து பாத்தாங்க. இருபத்தஞ்சாந் தேதிதான் எடது கண்ணுல பெரிய கசிவு ஏற்பட்டிருக்கும்னாங்க. தேதியெல்லாம் ஃபைல்ல எழுதிக்கிட்டாங்க. "இவ்வளவு துல்லியமா எந்தப் பேஷண்டு வூட்டுலயும் சொன்னதில்லை"ன்னாங்க. நல்லாப் பண்ணியிருக்கீங்கன்னு சொன்னாங்க.

அப்புறம் சொன்னாங்க, பிப்ரவரி மார்ச்சுலயே வந்திருந்தா எடது கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்னு. இப்ப அது போனது போனதுதான். வலது கண்ணுக்கு லேசர் வெச்சு, ஊசி போட்டு, இருக்கறதை நிறுத்தி வைக்கலாம்னாங்க. இன்னைக்கு மூணாவது ஊசி. கண்ணுலதானுங்க போடறாங்க, மரத்துப் போக மருந்து விட்டுட்டு. வலிக்காதுங்கறாரு.

வேலையை விட்டு எடுக்கலை, சார் நல்ல மனுசன். பிசிர் எடுக்கற வேலை குடுத்திருக்காரு. கடைஞ்ச பீஸ்ல ஓரத்துல கூரா நிக்குமுங்க, அதை அரம் வெச்சுத் தேச்சு எடுக்கோணும். அது விரல் வேலை. நான் லென்ஸ் வெச்சுப் பாத்தும் தெரியாத பிசிரு அவரு கட்டை விரலுக்குத் தெரியுது. நல்லா இருக்குதான்னு எங்கிட்டக் கேக்க மாட்டாரு. டிரேயில அடுக்கி வெச்சுட்டுப் போயிருவாரு. நாலாம் நம்பரை இப்ப லோகுவோட தம்பி ஓட்டறான். என்னை இப்ப மத்த கம்பெனிக்காரங்களும் கூப்புடறாங்க. ஆறு எடத்துல பொட்டி வெச்சுக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறேன். வூட்டுல இருந்து என்ன பண்றது.

ஒரு நாள் கேட்டேனுங்க. போன மாசம், துணி மடிச்சுட்டு இருந்தேன், அவரு கட்டில்ல உக்காந்திருந்தாரு.

"பத்தடியில நான் இருந்தேனே, எங்கிட்டக் கொண்டு வந்திருக்கலாமில்ல?"

நான் மடிச்சு வெச்ச துண்டை எடுத்து விரிச்சு மறுபடி மடிச்சாரு. காதுல விழலையோன்னு நெனச்சேன். அப்புறம், "நீ வேலையா இருந்தே"ன்னாரு.

அதுவும் சரிதானுங்களே. நான் வேலையாத்தான் இருந்தேன். எம்மேல அவருக்குக் கோவம் ஒண்ணும் இல்லீங்க. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை இன்னைய வரைக்கும்.

இன்னைக்குக் காலையில இங்க வர்றதுக்கு பஸ் ஸ்டாப்புல நின்னோம். நல்ல கூட்டம். நான் அவருக்கு எடது பக்கம், முழங்கை படற தூரத்துலதான் நிக்கறேன். ஒரு பஸ் வந்துச்சு. அவரு வலது பக்கம் திரும்பினாரு. அங்க ஒரு காலேஜ் பொண்ணு காதுல வயரை மாட்டிட்டு நின்னுச்சு. "என்ன நம்பர் பஸ்ஸும்மா அது?"ன்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டாரு. அது வயரைக் கழட்டிட்டு, "என்னங்க?"ன்னுச்சு. இவரு மறுபடியும் கேட்டாரு. அது எட்டிப் பாத்து நம்பரைச் சொல்லுச்சு.

எங்களுக்கு வேண்டிய பஸ்ஸுதான். அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டுட்டு நானும் ஏறிட்டேன்.